சிக்கனத்தின் பெயரால் அறிவியலாளர்களுக்கு வாய்ப்பூட்டு

1914ஆம் ஆண்டு கல்கத்தாவில் முதன்முதலாகக் கூடிய இந்திய அறிவியல் மாநாடு, 2023 ஜனவரியில் நாக்பூரில் தனது 108ஆவது அமர்வை நடத்தியது. 2024 ஜனவரியில் நடந்திருக்க வேண்டிய அடுத்த அமர்வு நடக்கவில்லை. நிதி முறைகேடுகள் எனக் காரணம் கூறி ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 செப்டம்பரில் நிதியுதவியை நிறுத்திக்கொண்டது. முறைகேடு இருந்திருப்பின் தணிக்கை செய்யலாம், பொறுப்பானவர்கள் மீது நடவடிக்கை எடுக்கலாம். மேடையையே இல்லாமல் செய்வது தணிக்கை ஆகாது. அதே 2024 ஜனவரியில் ஃபரிதாபாத்தில் இந்திய சர்வதேச அறிவியல் விழா தடையின்றி நடந்தேறியது. ஆர்எஸ்எஸ் சார்பு அமைப்பான விஞ்ஞான பாரதியோடு கைகோத்து 2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய விழா அது.

அறிவியல் மாநாட்டின் தரம் குறித்து அறிவியலாளர்களிடையே கடும் விமர்சனம் இருந்தது உண்மை. கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று 2019இல் ஜலந்தரில் ஒரு துணைவேந்தர் முழங்கியதும் அந்த மேடையில்தான். ஆயினும் ஒரு மாவட்டத்துக் கல்லூரி ஆசிரியரும் அரசு ஆய்வகத்தின் இளநிலை அறிவியலாளரும் குறைந்த செலவில் சென்று தம் ஆய்வை முன்வைக்கக்கூடிய இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

சிக்கனம் என்ற சொல் புதிதல்ல. 2014 அக்டோபரில் ஒன்றிய நிதியமைச்சகம் வெளியிட்ட ஆணை, திட்டமில்லாச் செலவினத்தில் 10 சதவீதத்தை வெட்டியது. ஐந்து நட்சத்திர விடுதிகளில் கூட்டங்கள் நடத்தக் கூடாது, முதல் வகுப்பு விமானப் பயணம் கூடாது என்றது. மிக அவசியமான கருத்தரங்குகளை மட்டுமே நடத்த வேண்டும் என்றும் கூறியது. மக்கள் வரிப்பணத்தில் நட்சத்திர விடுதி விருந்து கூடாது என்பதில் எந்த இடதுசாரிக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் சதவீதக் கணக்கில் வெட்டு விழும்போது அது இயக்குநரின் தொடக்கவிழாப் பயணத்தைத் தொடுவதில்லை. களத்தில் மழைமானியைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் இளநிலை ஆய்வாளரின் ரயில் கட்டணத்தைத்தான் தொடுகிறது. ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் ஆய்வாளருக்கோ அந்தக் கட்டணத்தைக் கேட்கும் உரிமையே பெரும்பாலும் இல்லை.

கருவூலம் வறண்டுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்திற்கு 36,000 கோடியைத் தனியாரிடமிருந்து திரட்டப்போவதாக அரசு கூறியது. அதே அரசு 2025 ஜூலையில், தனியார் துறையின் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன் வழங்க 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சிக்கனம் யாருக்கு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

பணம் தேவைப்படாத கூட்டத்தையும் ஒன்றிய அரசு விட்டுவைக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பயணமும் விடுதியும் இன்றி இணையவழியில் மாநாடுகள் நடந்தன. 2021 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அரசு நிதி பெறும் நிறுவனங்கள் இணையவழி சர்வதேசக் கருத்தரங்கு நடத்தவும் முன் அனுமதி பெற வேண்டும், நாட்டின் உள்விவகாரங்கள் தொடர்பான தலைப்புகள் கூடாது என்பது அதன் சாரம். அறிவியல் கழகங்கள் எதிர்த்ததால் அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. செலவே இல்லாத இடத்தில் வந்த இந்தத் தடை, கட்டுப்படுத்த விரும்பியது செலவை அல்ல என்பதை அம்பலமாக்கியது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரம் 12 நாட்களில் 5.4 சென்டிமீட்டர் புதைந்ததாக இஸ்ரோ வெளியிட்ட செயற்கைக்கோள் அறிக்கை இணையத்திலிருந்து மறைந்தது. ஊடகங்களிடம் பேசக் கூடாது என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பத்துக்கும் மேற்பட்ட அறிவியல் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது.

இதெல்லாம் தில்லியின் விவகாரம், மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் இருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்கப்படலாம். பெட்டிமுடியை நினைத்தால் போதும். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மீது மலை சரிந்தது. 70 பேர் மாண்டனர். நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போனதால் செய்தி வெளியுலகை எட்டியதே மறுநாள் காலையில்தான். ஒரே நாளில் 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை பெய்திருந்தது. எவ்வளவு மழை பெய்தால் எந்தச் சரிவு நகரும் என்று கணிப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பணி. அதே 2020இல் அத்துறை நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் சோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்பைத் தொடங்கியது. நீலகிரியில் கற்றது தேவிகுளத்திற்கும் டார்ஜிலிங்கில் தவறியது பீர்மேட்டிற்கும் வந்துசேர வேண்டுமானால், இந்த ஆய்வாளர்கள் ஓரிடத்தில் கூடி ஒருவர் கணக்கை மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். அச்சிட்ட அறிக்கையில் தவறிய கணிப்புகள் எளிதில் இடம்பெறுவதில்லை. தேநீர் இடைவேளையில்தான் அவை வெளிவரும் என்பது மாநாடுகளுக்குச் சென்ற எவருக்கும் தெரியும்.

பாலக்காட்டின் கதை வேறு வகை. பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலையைச் சுற்றியிருந்த கிணறுகளின் நீர் குடிக்கத் தகுதியற்றது என்று 2003 மே மாதத்தில் எழுதிக்கொடுத்தது வண்டித்தாவளம் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். ஆனால் ஆலை உரமென்று விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை ஜூலையில் உலகறியச் செய்தது பிபிசி வானொலி. ஆய்வு நடந்ததோ இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில். அதன் பின்னரே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விழித்துக்கொண்டது. எரவாளரும் மலசரும் வாழும் அந்தக் குடியிருப்புகளின் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என 2010இல் மாநில அரசின் உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காகக் கேரள சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே திரும்பி வந்தது.

இந்த விஷயத்தில் ஒன்றிய அரசை மட்டும் சாடிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிந்தன. இரு நாட்களில், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியிலேயே, பேரிடர் மேலாண்மைத் துறை ஓர் ஆணையிட்டது. அறிவியல் நிறுவனங்கள் மேப்பாடிக்குக் கள ஆய்வுக்குச் செல்லக் கூடாது, அறிவியலாளர்கள் ஊடகங்களில் கருத்துக் கூறக் கூடாது என்றது அது. முதலமைச்சர் பினராயி விஜயன் தலையிட்டதால் அன்றே அது விலக்கிக்கொள்ளப்பட்டது. விலக்கிக்கொண்டது சரி. அப்படியொரு ஆணை இடது அரசின் கோப்பில் எப்படி உருவாயிற்று என்ற கேள்வி கட்சி அணிகளுக்கு உரியது. மண்ணார்க்காடு மலைகளில் அமைதிப் பள்ளத்தாக்கு மின்திட்டம் விவாதிக்கப்பட்டபோது இடதுசாரிகளிடையே கூர்மையான கருத்து வேறுபாடு நிலவியது. அப்போது திட்டத்தை எதிர்த்து எழுதிய எம்.கே.பிரசாத் ஓர் அரசுக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர். அவரும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் ஊர் ஊராகச் சென்று பேசினர். மாற்றுக் கருத்துக்காரர்களும் ஊர் ஊராகச் சென்று பதில் கூறினர்.

1964ஆம் ஆண்டின் ஒன்றியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், அரசின் கொள்கையை ஊழியர் பொதுவெளியில் விமர்சிப்பதைத் தடுக்கின்றன. ஒரு லயத்தின் மேலுள்ள சரிவு அபாயமானது என்று புவியியலாளர் சொன்னால் அது அறிவியலா, விமர்சனமா? இதைத் தீர்மானிக்கும் உரிமை மேலதிகாரியிடம் இருக்கும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். தமது ஆய்வு முடிவைச் சொல்லும் அரசு அறிவியலாளருக்கு விதியிலேயே பாதுகாப்பு வேண்டும். கருத்தரங்குச் செலவுக்கு வரம்பு வைப்பதாயின் விடுதிக்கும் விருந்துக்கும் வைக்கட்டும். இளநிலை, ஒப்பந்த ஆய்வாளர்களின் பயணத்திற்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

மாநாட்டின் இடமும் மொழியும் மாறவேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம். அந்த உரிமை மனுக்களோடு நிற்க வேண்டியதில்லை. பாம்பாடும்பாறையிலும் மைலாடும்பாறையிலும் ஏலக்காய் ஆய்வு நிலையங்கள் உள்ளன. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் வந்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களுக்குப் பூச்சிமருந்து பற்றிய ஆய்வு முடிவுகள் தமிழில் கிடைக்க வேண்டும். பருவமழை தொடங்கும் முன்பு, மே மாதத்திலேயே, புவியியல் ஆய்வுத் துறையினரை அழைத்துத் தோட்டத்திலேயே கூட்டம் நடத்துமாறு மாவட்ட நிர்வாகத்திடம் தொழிற்சங்கக் கிளைகள் மனுக் கொடுக்கலாம். அதற்கு விமானக் கட்டணம் தேவையில்லை, மூணாறுவரை ஒரு ஜீப் போதும்.