ஆராய்ச்சி ஏட்டில் நம் இடம் எங்கே?

மனிதனுடைய பெருங்குடலிற் கோடானுகோடி நுண்ணங்கிகள் குடியிருக்கின்றன. நம் உடலாற் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, குடற்சுவருக்கு ஊட்டமாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. நோயெதிர்ப்பு ஆற்றலைப் பழக்குவதிலும், தீய கிருமிகளுக்கு இடங்கொடாது காப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. இவ்வுண்மைகளைத் துருவி ஆராயச் செல்வ நாடுகள் பெரும்பொருள் செலவிடுகின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையம் 2007ஆம் ஆண்டில் இதற்கெனத் தனித் திட்டமொன்றையே தொடங்கியது.

இப்பெரு முயற்சியில் நம் பங்கு யாது? உலகப் பொது ஏடுகளிற் பதிவாகியுள்ள மனித நுண்ணங்கி மாதிரிகளை எண்ணிப் பார்த்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. எந்நாட்டிற் பெறப்பட்டவை என்று தெரிந்த மாதிரிகளுட் பத்தில் ஏழு பங்கு ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகியவற்றுக்கு உரியவை. உலக மக்களுள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைந்தோர் வாழும் ஐக்கிய அமெரிக்கா மட்டும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைத் தந்திருந்தது. அவர்கள் குடலை அளந்து எழுதிய இலக்கணம், குத்தரிசிச் சோறும் குரக்கன் பிட்டும் ஒடியற்கூழும் உண்டு வளர்ந்தவனுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வது எவ்வகை நியாயம்? ஒரு தரப்பை விசாரியாமலே தீர்ப்பு வழங்கும் மன்றத்தை எவரும் ஏற்பதில்லை.

பொருள் வசதியற்ற மக்களுக்கு இத்தகைய ஆராய்ச்சி ஆடம்பரம் என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு வேலூர் விடையளிக்கும். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணாவும் அவர்தம் துணைவரும் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொலரா நோயாளர் பருகும் உப்புக் கரைசலில், சிறுகுடலிற் செரியாத மக்காச்சோள மாவை அவர்கள் சேர்த்துக் கொடுத்தனர். அத்தகைய மா பெருங்குடலை அடையும்போது நுண்ணங்கிகள் அதனை அமிலங்களாக மாற்றும். அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் குடல் மீண்டும் உறிஞ்சத் துணைசெய்யும். இதுவே அவர்கள் கொண்ட கருத்து. அதற்கேற்பக் கழிச்சல் குறைந்தது, விரைவில் நின்றது. அருமருந்து எதுவுமன்று, மாவே அங்குப் பயன்பட்டது.

வங்காளதேசமும் அவ்வழியே சென்றது. டாக்கா நகரின் மிர்ப்பூரில் வாழும் ஊட்டங்குன்றிய ஏழைக் குழந்தைகளுக்குக் கடலை, சோயா, கச்சான், வாழைக்காய் ஆகியவற்றாற் செய்த உணவு கொடுக்கப்பட்டது. குடல் நுண்ணங்கிகளைச் சீர்செய்யும் நோக்குடன் வகுத்த உணவு அது. வழக்கமான ஊட்டவுணவு அதனினும் மிகுந்த சக்தி தருவது. எனினும் புதிய உணவை உண்ட குழந்தைகளே விரைவாக எடை கூடினர் என்று 2021இல் வெளிவந்த முடிவுகள் காட்டின.

நீர்வேலியில் வாழை விளைகிறது. கச்சான் நமக்குப் புதிதன்று. பனை நம் குடாநாட்டின் அடையாளம். ஆறிய சோற்றின் மாச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலிற் செரியா இயல்பு பெறும் என்பது அறிந்த உண்மை. பழஞ்சோறோ நம் வீட்டுப் பழக்கம். ஆயினும், பழையது என்பதனாலேயே மருந்தென்று முழங்குவது சான்றில்லாத வாதம். அதனை நாம் ஏற்கோம். அளந்து, ஒப்பிட்டு, மெய்ப்பித்த பின்னரே பெருமை கொள்ளலாம்.

ஆதலின் நாம் கேட்பது இதுவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. அதன் விவசாய பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. இவ்விரண்டும் வட மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துடன் கைகோத்து, நம் உணவையும் நம் குடல் நுண்ணங்கிகளையும் ஒருங்கே ஆராய முன்வரல் வேண்டும். மாதிரி கொடுக்கும் கமக்காரனிடம் அவனுக்கு விளங்கும் தமிழில் சம்மதம் பெறல் வேண்டும். பெறுபேறு அவன் ஊருக்கே முதலில் திரும்புதல் வேண்டும். அந்நிய நிலையங்கள் துணைக்கு வரின் வரவேற்போம். ஆனால் மாதிரி இங்கிருந்து போக, அறிவும் ஆதாயமும் அங்கேயே தங்கும் ஒப்பந்தத்திற்கு எவரும் கையொப்பமிடலாகாது.

அரசியல் மன்றில் இடம் கேட்டுப் போராடும் இனம், அறிவு மன்றில் தன் இடம் வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்திருத்தல் தகாது. அந்த இடத்தை எவரும் நமக்கு வழங்கப்போவதில்லை. உழைத்தே பெறல் வேண்டும். கற்றோர் முன்வருக! கமக்காரர் துணைநிற்க!