இறங்கி ஒரு வார்த்தை சொன்னா என்ன?

கார் வாங்கி இருபத்திரண்டே நாள். மந்தைவெளி மார்க்கெட் பக்கம் நிறுத்திட்டு, காய் வாங்கிட்டுத் திரும்பி வந்தா, இடது பின்கதவுல ஒரு முழ நீளத்துக்குக் கீறல். பைக் ஹேண்டில்பார் உயரம். சுத்தி இருபது பேர் நிக்கிறாங்க. ஒருத்தரும் பார்க்கலையாம். வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம்தான் பிபிஎஃப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சேன். பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம். பெயிண்ட் மேல போர்த்தற, கண்ணுக்குத் தெரியாத தோல். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், சுருக்கமா டிபியு. தடிமன் 150லேர்ந்து 200 மைக்ரான். தலைமுடி மாதிரி ரெண்டு மடங்கு. வியட்நாம் போர்ச் சமயத்துல, ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் குண்டுச் சிதறலும் அரிக்காம இருக்க அமெரிக்காவுல கொண்டுவந்த சாமான் இது. போர்க்களத்துக்குச் செஞ்சது, இன்னிக்கு ஆர்.கே. மடம் ரோட்டுல காய் வாங்கப் போறவனுக்குத் தேவைப்படுது. இது என்ன கொடுமை?

கடையில கேட்டேன். முழு காருக்கு லட்சத்தைத் தொட்டுது. சரி, போகட்டும்னு உள்ளே எட்டிப் பார்த்தா, ஒரு பையன் ஃபிலிமை கார் மேலேயே விரிச்சு, பிளேடால அறுத்துட்டிருக்கான். கொஞ்சம் அழுத்தினா பெயிண்ட்ல கோடு விழுமே! “பத்து வருஷம் வாரன்ட்டி சார்”ங்கறாங்க. எழுத்துல கொடுங்கன்னா, பேச்சே இல்லை. இது டிபியுவா, சீக்கிரமே மஞ்சளாகிற பிவிசியான்னு கேட்டா, கேள்வி கேட்டதே தப்புங்கற மாதிரி ஒரு பார்வை. காசு கொடுக்கறவன் கேட்கக் கூடாதா?

நானே ஒட்டிக்கறேன்னு வந்துட்டேன். முழு காருக்கு இல்லை. அடி வாங்கற இடத்துக்கு மட்டும்: கதவு ஓரம், கைப்பிடிக் குழி, பம்பர் முனை, அந்தப் பின்கதவு. பழைய கீறல் ஃபிலிமுக்கு அடியிலயும் தெரியும்ங்கறதால, முதல்ல டச்-அப் பண்ணி, அது நல்லாக் காயறவரைக்கும் காத்திருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி. வெயில் ஏறிட்டா ஷாம்பூ தண்ணி நொடியில காஞ்சிடும். பெயிண்டை க்ளே பாரால தேய்ச்சாச்சு. எங்க போர் தண்ணி உப்புத் திட்டு விடும். அதனால கேன் தண்ணியில நாலு சொட்டு பேபி ஷாம்பூ. கதவு, ஃபிலிமோட பசைப் பக்கம், விரல், எல்லாத்திலயும் அடிக்கணும். ஃபிலிமை வழுக்கிவிட்டு இடத்துல நிறுத்தி, ஸ்க்வீஜியால நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளணும். ஓரம் பிடிக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணி. வளைவுல ஹீட் கன். என் பையன் மறுமுனையைப் பிடிச்சுட்டு, “அப்பா, ரொம்ப இழுக்காதீங்க, கோடு விழுது”ன்னு சொல்லிட்டே இருந்தான்.

எல்லாம் சரியாத்தான் போச்சு, தூசியைத் தவிர. தெருமுனையில மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை. சாம்பல் நிறத்துல மண்ணும் சிமென்ட்டும் பறந்துட்டே இருக்கு. மெட்ரோ வரட்டும், வேணாங்கலை. லாரி போற வழியில தண்ணி தெளிச்சு, மண் லோடை மூடி எடுத்துட்டுப் போனா என்ன குறைஞ்சுடும்? ஃபிலிமுக்கு அடியில நின்ன தண்ணிக் குமிழ் சில நாள்ல தானா வத்திடும். தூசி அப்படியே உக்காந்துக்கும். ரெண்டு துண்டைக் கிழிச்சுப் போட்டேன். மூணாவது ஞாயித்துக்கிழமைதான் பம்பர் முனை படிஞ்சுது.

மாடி வீட்டு மாமா பால் வாங்க இறங்கி வந்தவர் நின்னு பார்த்தார். “ஏம்ப்பா, இடிக்கறவன் பாட்டுக்கு இடிச்சுட்டுப் போவான், நீ காசைக் கொட்டிப் போத்திண்டே இருப்பியா?” பதில் சொல்ல வாய் வரலை.

அவர் சொன்ன மாதிரியே ஆச்சு. பாண்டி பஜார் பக்கம் சிக்னல்ல நிக்கிறேன். இல்லாத சந்துல ஒரு ஸ்கூட்டர் நுழைஞ்சு, ஹேண்டில் கதவை உரசிட்டுப் போகுது. கண்ணாடியை இறக்கினேன். “ஒண்ணும் ஆகலையே சார், என்ன இப்போ?” பச்சை விழுந்துது, ஆள் போயாச்சு. நிஜமாவே ஒண்ணும் ஆகலை. டிபியு மேல்பூச்சுல விழற லேசான கீறல் சூட்டுல தானா மறையும். மத்தியான வெயில்ல மறைஞ்சும் போச்சு. ஆனா, ஆகியிருந்தா?

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்ப முடியாம, எத்தனை கவசம் வாங்கியிருக்கோம்! பம்பருக்கு முன்னாடி இரும்பு கார்டு மாட்டினோம். நடந்து போறவங்களுக்கு ஆபத்துன்னு 2017ல மத்திய அரசு அதைக் கழட்டச் சொல்லுச்சு. டேஷ்கேம் வாங்கினோம். கேட் முன்னாடி கல்லும் உடைஞ்ச நாற்காலியும் போட்டோம். இப்போ தோலும் போர்த்தியாச்சு. நெரிசலான ஊர், உரசத்தான் செய்யும். உரசினதுல எனக்குக் கோபமில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமப் போறதுதான் பொறுக்கலை. இன்னொருத்தன் சம்பாத்தியம்ங்கற நினைப்பே இல்லாமப் போச்சே!

தயவுசெஞ்சு கேட்டுக்கறேன். இடிச்சுட்டா நில்லுங்க. இறங்கி, “தப்பாப் போச்சுங்க”ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆள் இல்லேன்னா, ஒரு துண்டுச் சீட்டுல போன் நம்பரை எழுதி வைப்பருக்கு அடியில வெச்சுட்டுப் போங்க.