செல் நம்பரை நம்பாதீங்க சாமி

காவலூர்னதும் வைணு பாப்பு தொலைநோக்கிதான் ஞாபகம் வரும். நான் போன மாசம் போனது நட்சத்திரம் பாக்க இல்ல, ஒரு எக்ஸெல் கோப்பைப் பாக்க :)

மாமா முறையாகுற ஒருத்தர் அந்தப் பக்கம் சின்னதா கடை வெச்சிருக்கார். ஜெராக்ஸ், போட்டோ, பசங்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிக் கலந்தாய்வுப் பதிவு. "நீ பொட்டி தட்டுறவன்தானே மாப்ள, இதைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடு"ன்னார்.

மாமா செல் நம்பரை வெச்சுத்தான் ஆளைத் தேடுவார். மலையில ஒரு வீட்டுக்கே ஒரு போன்தான். அக்காவோட விவரம் இருந்த வரியில, அதே நம்பர்ல வந்த தம்பி விவரத்தை மேலயே அடிச்சுட்டார். அக்காவோட பழைய விண்ணப்ப எண் போச்சு. அந்தப் பொண்ணு ரெண்டு தடவை பஸ் ஏறி வந்து அலைஞ்சு, கடைசியில புதுப்பிக்கிற தேதியே தாண்டிருச்சு. ஒரு வருஷ உதவித்தொகை! ஒரு ஆளுக்கு ஒரு போன்ங்கிறது டவுன்காரன் நினைப்பு.

"அப்ப ஆதாரைப் போட்ரலாமா?"ன்னார் மாமா. கூடவே கூடாதுங்கறது என் கட்சி. அது விண்ணப்பம் போடுற அஞ்சு நிமிஷத்துக்குத்தான் தேவை. ஊர்ப் பசங்க ஆதாரையெல்லாம் வருஷக்கணக்கா கடைப் பொட்டியில தூங்க வெச்சா, பொட்டி திருடு போற அன்னிக்கு யார் பதில் சொல்றது?

கடையே ஒரு நம்பர் குடுக்கணும். 1, 2, 3ன்னு, எந்த அர்த்தமும் இல்லாத நம்பர். இதே காவலூர்ல 1988 பிப்ரவரியில ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சார். முதல்ல அதுக்கு 1988 டிகியூ1ன்னு ஒரு தற்காலிகக் குறியீடு. அப்புறம் 4130ன்னு நிரந்தர எண். ராமானுஜன்ங்கிற பேரும் சேர்ந்துச்சு. பேரு எப்ப வேணா வரட்டும், மாறட்டும், எண் அங்கயே நிக்கும். செல் நம்பருக்குத் தனி அட்டவணை. ஒரு நம்பருக்கு நாலு பசங்க இருந்தாலும் சண்டை இல்ல. விண்ணப்பங்களுக்கும் தனி அட்டவணை, வருஷத்துக்கு ஒரு வரி. எதையும் மேல அடிக்கக் கூடாது.

பேருக்கு 'முதல் பெயர், கடைசிப் பெயர்'னு ரெண்டு கட்டம் போடற மகானுபாவர்கள் நம்ம ஊர் இனிஷியலைப் பாத்ததே இல்ல போல. மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, இன்னொண்ணுல அப்பா பேரு முழுசா. எது சரின்னு நாம தீர்ப்பு சொல்ல வேணாம். சான்றிதழ் அட்டவணைன்னு ஒண்ணு வெச்சு, எந்தத் தாள்ல எப்படி இருக்கோ அப்படியே ஏத்தணும். விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சுரும்.

மாவட்டம் இன்னும் கூத்து. காவலூர் முன்னாடி வட ஆற்காடு, அப்புறம் 2019 வரைக்கும் வேலூர், இப்ப திருப்பத்தூர். ஊர் நகரவே இல்ல! அப்பாவோட சாதிச் சான்றிதழ்ல ஒரு மாவட்டம், பிள்ளையோடதுல வேற. ஜவ்வாது மலையில பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்லீங்க). பழங்குடிப் பட்டியல்ல அவங்களுக்கு நேரா இருக்கிறது வட ஆற்காடு, தென்னாற்காடு மாதிரி பழைய மாவட்டப் பேருங்கதான். பழைய தாள்ல இருக்கறதை யாராவது 'திருத்தி' திருப்பத்தூர்னு மாத்தினா வம்பு. அதனால சான்றிதழ் தேதி பக்கத்துலயே இருக்கணும். வானியல்காரங்க நட்சத்திரத்தோட இடத்தைக் குறிக்கும்போது எந்த ஆண்டுக் கணக்குன்னு சேர்த்தே போடுவாங்களே, அது மாதிரி.

எஸ்க்யூலைட்ல ரெண்டு நாள் வேலை, காசு செலவில்ல. மாமா டீ வாங்கிக் குடுத்தார், கூடவே ஒரு பாட்டில் மலைத்தேன்.

ஒண்ணாம் நம்பர் யாருக்குன்னு கேட்டார். அந்த அக்காவுக்குத்தான் போட்டோம். இந்த வருஷக் கடைசி தேதிக்கு இன்னும் நாள் இருக்கு.