தாய்க்கு மூன்று நாள். சேய்க்கு ஆயுள் முழுதும்!

தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026-ம் ஆண்டுக்குள் நாட்டிலிருந்து அறவே ஒழிப்பது என்று இந்திய அரசாங்கம் இலக்கு வைத்தது. தட்டம்மையின் கொடுமையை அறியாதவர் இல்லை. ஆனால் ரூபெல்லா? இலேசான ஜுரம், உடம்பில் சிவந்த தடிப்பு, காதுக்குப் பின்னால் சிறு நெறிக்கட்டு. மூன்று நாளில் மறைந்துவிடும். பலருக்கு வந்துபோனதே தெரிவதில்லை. இந்த அற்ப நோயை விரட்ட எதற்கு இவ்வளவு தடபுடல் என்று வாசகர்கள் கேட்கலாம்.

இதற்கு விடையை முதலில் கண்டவர் பிரசவ டாக்டர் அல்ல, கண் டாக்டர். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து நார்மன் கிரெக் என்பவரிடம் 1941-ல் வரிசையாகக் கைக்குழந்தைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கண்ணில் புரை! கிழவர்களுக்கு வரும் புரை குழந்தைகளுக்கு ஏன் வந்தது? காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கர்ப்பமாயிருந்தபோது ரூபெல்லா கண்டதாகச் சொன்னார்கள். தம் சகாக்களையும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களில் 68 குழந்தைகளின் தாய்மாருக்கு அந்த நோய் வந்திருந்தது! பலருக்கு இருதயமும் பழுது. வைத்திய உலகம் இதை உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. தாய்மார் பேச்சை நம்பிய டாக்டரே கடைசியில் ஜெயித்தார்.

நச்சுக்கொடி என்னும் காவல்

தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதில்லை. நடுவே நிற்பது நச்சுக்கொடி. பிரசவமான பிறகு வெளியே வந்து விழுவதால் அதற்கு ‘நஞ்சு’ என்று பெயர் கிடைத்தது போலும். உண்மையில் நஞ்சைத் தடுப்பதே அதன் வேலை. பாவம், நல்லது செய்தவனுக்குக் கெட்ட பெயர்! மரத்தின் வேர்கள் மண்ணுக்குள் இறங்குவதுபோல் அதன் மெல்லிய கிளைகள் தாயின் ரத்தத்தில் தோய்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் போர்வை தையலே இல்லாத ஒரே விரிப்பு. உணவும் பிராணவாயுவும் உள்ளே செல்லும். கிருமிகளில் பல வெளியிலேயே நின்றுவிடும்.

ரூபெல்லா அப்படி நிற்பதில்லை. நச்சுக்கொடியிலேயே குடியேறி, அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரை அழிக்கிறது. கிருமி ஏறிய அந்தத் துணுக்குகள் உதிர்ந்து, சிசுவின் ரத்தத்தோடு போய்ச் சேருகின்றன என்பது நிபுணர்களின் கருத்து. கண், காது, இருதயம் உருவாகும் முதல் 12 வாரங்களில் இது நேர்ந்தால் பத்துக் குழந்தைகளில் எட்டு, ஒன்பது வரை சேதமடையலாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அபாயம் மிகக் குறைவு.

எல்லா வைரஸுக்கும் வழி ஒன்றல்ல. 2015-ல் பிரேஸிலைக் கலக்கிய ஜிகா, நச்சுக்கொடிக்குள் இருக்கும் காவல் அணுக்களிலேயே புகுந்து பெருகியது. கொரோனாவோ சில கர்ப்பிணிகளிடம் சிசுவைத் தொடாமலே, நச்சுக்கொடியை அடைத்துக் கெடுத்தது. மூச்சுக்கு வழியின்றி வயிற்றிலேயே சிசு மடிந்தது.

அரைகுறை ஊசி

அமெரிக்காவில் 1964-65-ல் ரூபெல்லா பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தன. 1969-ல் அங்கே தடுப்பூசி வந்தது. அத்தோடு கவலை விட்டதா? இல்லை. கிரீஸ் தேசத்தில் 1970-களின் நடுவில் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் போடவில்லை. நோய் குறைந்தது, ஆகவே சிறு வயதிலேயே அது வந்து எதிர்ப்புச் சக்தி பெறுவோரும் குறைந்தனர். ஊசியும் போடாமல், நோயும் வராமல் பெண்கள் வளர்ந்து கல்யாணமாகிக் கர்ப்பமுற்றனர். 1993-ல் நோய் திரும்பியது. 25 குழந்தைகள் பிறவிப் பழுதுடன் பிறந்தது பரிசோதனையில் ஊர்ஜிதமாயிற்று. ஊசி போடுவதானால் ஏறக்குறைய எல்லோருக்கும் போட வேண்டும். அரைகுறையாகப் போடுவது போடாததைவிட ஆபத்தாகிவிடலாம்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் ஊசி போடப்பட்டபோது, கைத்தொலைபேசியில் பறந்த வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். மார்ச் மாதத்துக்கும் பணியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பையனுக்கு எதற்கு இந்த ஊசி என்றும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நோயைக் கொண்டுவந்து, பிள்ளை உண்டாகியிருக்கும் அம்மாவுக்கோ சித்திக்கோ கொடுப்பவன் அந்தப் பையன்தானே! பக்கத்திலுள்ள இலங்கை 2020-லேயே இந்த நோயை ஒழித்துவிட்டது.

கர்ப்பிணியை நோய் தொற்றிவிட்டால், சிசுவைக் காக்க மருந்து கிடையாது. ஊசியில் இருப்பது உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட கிருமி. ஆதலால் கர்ப்ப காலத்தில் அதைப் போடுவதும் இல்லை. போட்டுக்கொள்ளாத பெண்கள் முன்னதாகவே போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்கலாம். இன்னொன்றும் உண்டு. பழுதுடன் பிறந்த குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரைகூடக் கிருமி வெளிப்படும். அந்தக் குழந்தையைப் பார்க்க வரும் உறவினரில் யார் கர்ப்பிணி என்பதை வீட்டார் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.