மூன்று அணிகள் வந்தன, இரண்டு போயின: சென்னையில் ஹாக்கி லீக் ஏன் நிலைப்பதில்லை?

2023 ஆகஸ்ட் 12. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். இடைவேளையின்போது மலேசியாவிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, கடைசியில் 4-3 என ஜெயித்தது. ஹாக்கியை சென்னையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் இங்கே ஒரு புரொஃபஷனல் லீக் ஏன் காலூன்றவில்லை?

மூன்று லீக், மூன்று பெயர்

2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. நம்ம அணியின் பெயர் சென்னை வீரன்ஸ். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதி பெறவில்லை. அதே ஆண்டு இந்திய ஹாக்கி சம்மேளனம் சஸ்பெண்ட் ஆனது. லீக்கும் அத்தோடு முடிந்தது.

2012-ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. இந்த முறை சென்னை சீட்டாஸ். சர்வதேச சம்மேளனமும் ஹாக்கி இந்தியாவும் அந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. ஒரே சீசன்தான்.

2013-ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் ஐந்து சீசன் ஓடியது. அதில் சென்னைக்கு அணியே இல்லை. 2017-க்குப் பிறகு நின்றுபோன லீக், 2024 டிசம்பரில் மறுபடி உயிர்பெற்றபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது.

அப்போ இத்தனை வருஷம் ஹாக்கியைக் காப்பாற்றியது யார்?

அமெச்சூர் ஹாக்கிதான். ஆனால் இங்கே ‘அமெச்சூர்’ என்றால் சம்பளம் இல்லாதவர் என்று அர்த்தமில்லை. ஐ.சி.எஃப்., ரயில்வே, வங்கிகள், சுங்கத்துறை, போலீஸ் எனப் பல நிறுவனங்கள் வீரர்களுக்கு வேலை கொடுத்தன. மாதச் சம்பளம் வந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது, சாயங்காலம் பிராக்டீஸுக்குப் போக முடிந்தது. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் தினமும் கடந்து போகும் ஐ.சி.எஃப்., சென்னை ஹாக்கியின் பழைய பலங்களில் ஒன்று.

1901-ல் தொடங்கிய எம்.சி.சி. கோப்பையும் இன்று முருகப்பா குழுமத்தின் பெயரைச் சேர்த்துத்தான் நடக்கிறது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய அதே குழுமம்தான். ஆலையும் ஆட்டமும் இந்த ஊருக்குப் புது உறவு இல்லை.

கனடாவில் என்ன நடந்தது?

ஐஸ் ஹாக்கியின் கதையும் அமெச்சூரில்தான் ஆரம்பிக்கிறது. 1893-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஸ்டான்லி கோப்பை அமெச்சூர் அணிகளுக்கானது. 1904-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தாமிரச் சுரங்க ஊர்களை மையமாக வைத்து, வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் லீக் பிறந்தது. சில ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை புரொஃபஷனல் அணிகளின் கைக்குப் போனது. உடனே அமெச்சூர்களுக்காக ஆலன் கோப்பை வந்தது. ஒன்று வளர்ந்தது என்பதற்காக இன்னொன்றைக் கைவிடவில்லை.

1917-ல் தொடங்கிய என்.எச்.எல். வெறும் நான்கு அணிகளோடு களமிறங்கியது. சில வாரங்களிலேயே மான்ட்ரியலில் அரங்கம் தீப்பிடித்து ஓர் அணி விலகியது. மீதி மூன்று அணிகளை வைத்தே சீசனை முடித்தார்கள். இன்று அங்கே 32 அணிகள். விளம்பரமும் டிவியும் பின்னால் வந்தவை. ஆரம்பத்தில் அந்த லீக்கைத் தாங்கியது, ஊருக்கு ஊர் குளிர்காலம் முழுக்க நடந்த சின்ன லீக்குகளிலிருந்து வந்துகொண்டே இருந்த வீரர்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு என்ன வேலை?

2024-25 ஆண்கள் ஹாக்கி இந்தியா லீக் சுமார் ஐந்து வாரத்தில் முடிந்தது. ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் ரூபாய் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஏலத்தில் பெயரே வராத 19 வயசுப் பையன் மீதி 47 வாரம் என்ன செய்வான்? நிரந்தர வேலை குறைந்து கான்ட்ராக்ட் வேலை கூடிவரும் காலத்தில், ‘வேலை கிடைக்கும், விளையாடு’ என்று எந்த அப்பா அம்மா தைரியமாகச் சொல்வார்கள்? சாதித்த வீரர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 3% இட ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது சாதித்த பிறகு கிடைப்பது. சாதிக்கும் வரை அவனைத் தாங்க யாராவது வேண்டும்.

அந்த இடத்தை மேற்குப் புறநகரின் தொழிற்சாலைகளும் ஐ.டி. கம்பெனிகளும் நிரப்ப முடியும். ஒரு ஃபிரான்சைஸ் அணியை வாங்க கோடிகள் வேண்டும். நான்கைந்து வீரர்களுக்கு வேலை கொடுத்து, ஒரு அணியை உள்ளூர் லீக்கில் இறக்க அவ்வளவு தேவையில்லை. ஹாக்கி சங்கம் வருஷம் முழுக்க ஆட்ட அட்டவணை போட வேண்டும், அதை எல்லார் போனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

டிராகன்ஸை டிவியில் பார்த்துக் கைதட்டுவது சுலபம். அடுத்த லீக் ஆட்டத்துக்கு எழும்பூர் கேலரியில் போய் உட்கார்வதும் ஒன்றும் கஷ்டமில்லை. வீரன்ஸுக்கும் சீட்டாஸுக்கும் நடந்தது டிராகன்ஸுக்கு நடக்கக் கூடாது என்றால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.