மெத்தையை எடை போட்டுப் பாருங்க பாஸ்!

ஃபர்ஸ்ட் அவர்லயே கொட்டாவி விடும் மக்களே! இந்த வாரம் உங்க தூக்கத்தைக் கலைக்க வரல. தூங்குற இடத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க, மேட்டர் சீரியஸ்.

எங்க வீடு அம்பத்தூர்ல, கிரவுண்ட் ஃப்ளோர். அப்பாவுக்கு எஸ்டேட்ல நைட் ஷிப்ட். ஊரே வேலைக்குக் கிளம்புற நேரத்துலதான் அவர் வந்து படுப்பார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணியில நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அப்போ எங்க வீட்டுக்குள்ளயும் முழங்கால் அளவு தண்ணி. வடிஞ்சதுக்கு அப்புறம் மெத்தையைத் தூக்கினா ரெண்டு பேரால முடியல, அவ்வளவு தண்ணி குடிச்சிருந்தது. நாலு நாள் வெயில்ல போட்டும் நாத்தம் போகல. தெருமுனைக் குப்பையோட போச்சு. அன்னையிலேர்ந்து அப்பாவுக்குப் பாய்தான். "கட்டாந்தரைதான்டா முதுகுக்கு நல்லது"ன்னு சொல்வார். ஆனா எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிச்சுப்பார்.

ட்யூஷன் எடுத்த காசும் இங்கே எழுதின காசும் சேர்த்து கையில ஏழாயிரம். மெத்தை வாங்கிடலாம்னு கிளம்பினேன்.

பூந்தமல்லி பக்கம் ஒரு கடை. 'ஆர்த்தோ'ன்னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டின மெத்தையைக் காட்டி, "டாக்டருங்களே சொல்றது தம்பி, நல்லா கல்லு மாதிரி இருக்கும்"னார். ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். மூஞ்சி மாறிடுச்சு! மேல ஒரு விரல் கனத்துக்கு ஃபோம். கீழே கலர் கலரா ஃபோம் துண்டுகளை ஒட்டி அமுக்கின பலகை. அதுக்குப் பேர் ரீபாண்டட் ஃபோம். அதைத் தப்புன்னு சொல்லல, அடியில சப்போர்ட்டுக்கு அதை வைக்கிறதுண்டு. ஆனா அதுவே முழு மெத்தைன்னா, நீங்க காசு கொடுத்துத் தரையை வாங்குறீங்க!

அப்போ தரை முதுகுக்கு நல்லதில்லையா? 2003-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஸ்பெயின் டாக்டர்களோட ஆராய்ச்சி ஒண்ணு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேரைப் பிரிச்சு, சில பேருக்குக் கடினமான மெத்தை, மத்தவங்களுக்கு நடுத்தரமான மெத்தை கொடுத்தாங்க. 90 நாள் கழிச்சுப் பார்த்தா, படுத்திருக்கும்போதும் சரி, எழுந்திருக்கும்போதும் சரி, நடுத்தர மெத்தைக்காரங்களுக்குத்தான் வலி குறைவு. இதை அப்பாகிட்ட சொன்னேன். "ஸ்பெயின்காரனுக்கு எங்கடா பாய் தெரியும்?"னு கேட்டார். நியாயமான கேள்விதான்!

இப்போ நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு வேலை. கடைக்காரர் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி'ன்னு அடிச்சு விடுவார். அது கடினத்தோட அளவு இல்ல. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிற கணக்கு, அவ்வளவுதான். ஒரே டென்சிட்டியில மெத்துன்னும் ஃபோம் செய்யலாம், கெட்டியாவும் செய்யலாம். டென்சிட்டி குறைஞ்சா சீக்கிரம் குழி விழும்.

சரி, சொன்ன டென்சிட்டி உண்மையான்னு எப்படித் தெரியும்? எடை போடுங்க! ஆறடி நீளம், மூணடி அகலம், நாலு இஞ்ச் கனம்னா ஆறு கன அடி, அதாவது 0.17 கன மீட்டர். 32 டென்சிட்டின்னா சுமார் ஐந்தரைக் கிலோ இருக்கணும். 40-ன்னா கிட்டத்தட்ட 7 கிலோ. உறை எடை தனி. எடை மெஷின் மேல மெத்தையைத் தூக்கிட்டு நீங்க ஏறி, அப்புறம் உங்க எடையைக் கழிச்சாலே போதும். ஆனா இதையும் முழுசா நம்பிடாதீங்க. எடையைக் கூட்ட ஃபோம்ல சுண்ணாம்புத் தூள் கலக்குற வித்தையும் இருக்கு. ரீபாண்டட் சொல்லவே வேணாம், செம கனம். அதனாலதான் முதல்ல ஜிப், அப்புறம் எடை.

மெமரி ஃபோம் ஆசை இருக்கா? நாசாவோட விமான சீட் ஆராய்ச்சிக்காக 1966-ல பிறந்த சரக்கு அது. உடம்புச் சூட்டுல இளகி, அந்தச் சூட்டையும் பிடிச்சு வெச்சுக்கும். ஏசி இல்லாத ஆவடி ரூம்ல மே மாசம் அதுல படுத்துப் பாருங்க, தெரியும். காயர் மெத்தையில தேங்காய் நார், ரப்பர் பால். காத்து உள்ளே போய் வரும். பாட்டிகளோட ஃபேவரைட் இலவம்பஞ்சு. உள்ளே காலியா இருக்கிற இழை, தண்ணியைச் சுலபத்துல குடிக்காது. ஒரு காலத்துல லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளேயே இதைத்தான் அடைச்சாங்க! ஆனா அடிக்கடி வெயில்ல போடணும். உருண்டை கட்டினா பிரிச்சு அடிக்கணும். உங்க மொட்டை மாடிக்கு ஹவுஸ் ஓனர் சாவி தருவாரா?

கடைசியா ஆவடியில ஒரு ஃபோம் கடை. ஷூவைக் கழட்டிட்டுப் பத்து நிமிஷம் ஒருக்களிச்சுப் படுத்தேன். மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை விட்டேன். கை தாராளமா போய் வந்தா ஓவர் கடினம், நுழையவே இல்லைன்னா ஓவர் மெத்து. கடைப் பையன் சிரிச்சான். படுக்கப் போறது நீங்களா அவனா, வெட்கப்படாதீங்க. அப்பா என்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூட. அதனால எனக்குக் கொஞ்சம் கெட்டியா தோணினதைத்தான் எடுத்தேன். நாலு இஞ்ச், 40 டென்சிட்டி. எடை போட்டப்போ உறையோட 7 கிலோ சொச்சம். கயிறு போட்டுச் சுருட்டி, ஆவடியில மதிய டிரெயின் ஏறிட்டேன். திருமுல்லைவாயல்ல ஏறின ஆயா ஒருத்தங்க அது மேலயே உட்கார்ந்துட்டாங்க. "நல்லாருக்கு தம்பி, எவ்ளோ?"

வீட்டுல பழைய இரும்புக் கட்டில் இருந்தது. கால் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு செங்கல் முட்டுக் கொடுத்தாச்சு. அடுத்த மழைக்கு முன்ஜாக்கிரதை! தரையிலயே மெத்தை போடுற ரூம்மேட்ஸ், காலையில அதைச் சுவர்ல சாய்ச்சு வையுங்க. உடம்பு ஈரம் அடியில தங்கிப் பூசணம் பிடிக்கும்.

மறுநாள் காலையில அப்பா வந்தார். "இதுக்கு எதுக்குடா செலவு?"ன்னுட்டே படுத்தார். பல் தேய்ச்சுட்டு வந்து, "எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டேன்.

பதில் இல்ல. தூங்கிட்டார். ஜன்னலைச் சாத்திட்டு காலேஜுக்குக் கிளம்பினேன்.