ஸ்போக் அப்படிச் சொல்வாரா?

கீழே ஒரு கிரகத்தில் நாலு பேர் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரவானால் சுழியத்துக்குக் கீழே 120 டிகிரி. மேலே சுற்றும் எண்டர்பிரைஸ் கப்பலில், ஆட்களை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகிவிட்டது. சரி, ஷட்டில் என்ற சிறு கலத்தை அனுப்பி அவர்களைக் கூட்டிவந்தால் என்ன? 'ஸ்டார் டிரெக்' முதல் தொடரில் 'தி எனிமி விதின்' எபிசோடைப் பார்த்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் அது ஒளிபரப்பானது 1966 அக்டோபர் 6 அன்று. போன ஞாயிறு செம்பூரில் என் அக்கா வீட்டுக் கூடத்திலும் அதே கேள்விதான் கிளம்பியது.

பம்பாய்த் தமிழர்களுக்கும் இந்தத் தொடருக்கும் பழைய உறவு உண்டு. எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் ஞாயிறு காலைகளில் இதைக் காட்டியது. சன் டி.வி. வந்தது 1993இல்தான். அதுவரை இங்கே தமிழ் என்றால் மாட்டுங்கா கடைகளில் வாங்கும் விகடனும் குமுதமும், டி.வி. என்றால் இந்தி, மராத்தி, ஆங்கிலம். ஒரு கையில் சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோ, எதிரே திரையில் எண்டர்பிரைஸின் கூர்க்காது அதிகாரி ஸ்போக் என்று வளர்ந்த தலைமுறை அது. டிராம்பே அணு மையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அத்தான் அந்தத் தலைமுறை. இப்போது மகளுக்கும், அவளோடு இன்ஜினியரிங் படிக்கும் தாராவிப் பையனுக்கும் ஞாயிறுதோறும் ஒரு எபிசோட் போட்டுக் காட்டுகிறார். பார்ப்பது ஐம்பது நிமிடம், வாக்குவாதம் இரண்டு மணி நேரம்.

கதை இதுதான். டிரான்ஸ்போர்ட்டர் கோளாறில் கேப்டன் கிர்க் இரண்டு பேராகப் பிரிந்துவிடுகிறார். ஒருவர் சாது, இரக்கம் உண்டு, ஆனால் ஒரு முடிவெடுக்கத் திணறுகிறார். இன்னொருவர் மூர்க்கர். அடிக்கிறார், குடிக்கிறார், பறிக்கிறார். மெஷினைச் சரிசெய்து இருவரையும் ஒன்றாக்கும்வரை சுலு என்ற அதிகாரியும் மற்ற மூவரும் கீழே பாறைகளைச் சுட்டுக் குளிர்காய வேண்டும்.

தாராவிப் பையன் ஷட்டிலோடு நிற்கவில்லை. கப்பலிலிருந்து ஹீட்டர்களை அனுப்புகிறார்கள். அவையும் இரண்டிரண்டாகப் பிரிந்து வேலை செய்யாமல் போகின்றன. "அப்போ கம்பளியை அனுப்பலாமே அங்கிள்? ஒரு கம்பளி ரெண்டானா நல்லதுதானே! கம்பளிக்கு என்ன சர்க்யூட்டா இருக்கு?" கூடமே அவன் பக்கம் சாய்ந்தது.

அத்தானிடம் பதில் இருந்தது. தொடரில் ஷட்டில் முதலில் தலைகாட்டுவது 1966 நவம்பர் 17 அன்று வந்த 'தி மெனாஜரி' எபிசோடில். 'எனிமி விதின்' எடுத்தபோது ஷட்டில் செட்டே கிடையாது. அதைக் கட்டப் பணமில்லை, பிறகு ஏ.எம்.டி. என்ற பொம்மை மாடல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுத்தான் செய்தார்கள். டிரான்ஸ்போர்ட்டர் பிறந்ததே சிக்கனத்தால்தான். வாராவாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டுவது கட்டுப்படியாகவில்லை. இன்னொன்றும் சொன்னார்: இந்தக் கதையை எழுதிய ரிச்சர்ட் மேதிசன் கிரகத்தில் உறையும் நாலு பேரை எழுதவே இல்லை. அந்தக் கிளைக்கதை பின்னால் சேர்த்தது, அவருக்கு அது பிடிக்கவும் இல்லை.

பையன் ஒப்பவில்லை. "அதெல்லாம் கதைக்கு வெளியே அங்கிள். உள்ளேயிருந்து சொல்லுங்க." நான் அவன் கட்சி. செட்டுக்குக் காசில்லை என்பது தயாரிப்பாளரின் காரணம். சுலுவுக்கு அது காரணம் ஆகாது. கதை தானே போட்ட சட்டத்தை மீறுகிறதா என்று பார்ப்பதுதான் பார்ப்பவன் கதைக்குத் தரும் பெரிய மரியாதை. 'டி.வி. தொடர்தானே, விடு' என்கிறவர்கள் அந்தக் கதையை மதிப்பதில்லை.

அப்போதுதான் அக்கா பேசினாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஹார்பர் லைனில் லேடீஸ் டப்பாவில் நின்றபடியே கோட்டைப் பகுதி வங்கிக்குப் போய்வந்தவள். "கம்பளிக்கு லாஜிக் பாக்கிறீங்க. அந்தப் பொண்ணுக்கு ஏன் யாரும் பாக்கல?"

கேப்டனின் உதவியாளர் ஜேனிஸ் ராண்ட். மூர்க்கக் கிர்க் அவள் அறைக்குள் புகுந்து அவளைத் தாக்குகிறார். அவள் போராடி அவர் முகத்தைக் கீறிவிடுகிறாள். பிறகு விசாரணை. யார் முன்னால்? சாதுக் கிர்க், ஸ்போக், டாக்டர் மெக்காய் மூவரும் நிற்க, அழுதுகொண்டே சொல்கிறாள். கேள்வி கேட்பவர் கிர்க். என் முகத்தைப் பார், கீறல் இருக்கிறதா என்கிறார். வேறொரு மாலுமி பார்த்திராவிட்டால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன், உங்களைச் சிக்கலில் மாட்டிவிட விருப்பமில்லை என்கிறாள் அவள்.

அக்கா தன் வங்கியில் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் இருந்தவள். 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது, 2013இல் சட்டமே வந்தது. குழுத் தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர் என்று அவளுக்கு அது பாடம். புகாரில் உள்ளவரே கேள்வி கேட்கும் அந்த அறையை அவளால் பொறுக்க முடியவில்லை. அதிலும் கடைசிக் காட்சி. எல்லாம் சரியான பிறகு ராண்ட் கேப்டனிடம் வந்து, நடந்தது தெரியும் என்கிறாள். அவள் திரும்பும்போது ஸ்போக் அவளிடம், அந்தப் போலி கேப்டனிடமும் சில சுவாரசியமான குணங்கள் இருந்தனவே என்று உதட்டோரம் சிரிப்போடு கேட்கிறார்.

ஸ்போக் கேட்கிறார்! உணர்ச்சியை அடக்கி ஆள்பவர், வேண்டாத சொல் ஒன்று பேசாதவர். அந்த வசனத்துக்குக் கதைக்குள் எந்தக் காரணமும் இல்லை. ஷட்டில் இல்லாததைவிடப் பெரிய ஓட்டை இதுதான். மெஷின் எப்படி ஓடும் என்பதற்கு மட்டுமல்ல, ஒரு பாத்திரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கும் லாஜிக் உண்டு. ரசிகர்கள் முதலாவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாவதை 'எமோஷன்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது கோபம் தரும் விஷயம்.

"அந்தக் காலம் அப்படி" என்றார் அத்தான். அதற்குப் பதில் அதே எபிசோடில் இருக்கிறது. மூர்க்கக் கிர்க்கை ஸ்போக் பின்னாலிருந்து துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து வீழ்த்துவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். ஸ்போக்காக நடித்த லெனார்ட் நிமாய், இவர் அப்படி அடிக்கிற ஆள் அல்ல என்று இயக்குநர் லியோ பென்னிடம் சொல்லி, வர்மம் தெரிந்தவர்போலத் தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் விரல்களால் அழுத்தி மயக்கமடையச் செய்யும் பிடியைக் கொண்டுவந்தார். ஸ்போக்கின் இனப் பெயரால் உலகமே அறிந்த வல்கன் பிடி பிறந்தது அங்கேதான். ஆக, ஸ்போக் இதைச் செய்வாரா என்று கேட்கத் தெரிந்தவர்கள் 1966இலேயே அந்த செட்டில் இருந்தார்கள். ஓர் அடிக்காகக் கேட்டார்கள், ராண்டுக்காகக் கேட்கவில்லை.

ராண்டாக நடித்த கிரேஸ் லீ விட்னி முதல் சீசன் முடியும் முன்பே தொடரிலிருந்து விலக்கப்பட்டார். 1998இல் வந்த சுயசரிதையில் ஸ்போக்கின் அந்தக் கடைசி வசனத்தின் கொடுமையை அவர் எழுதினார். தொடரோடு சம்பந்தப்பட்ட ஓர் அதிகாரி தம்மைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதையும், பெயரைச் சொல்லாமல், எழுதினார். அத்தான் இதைக் கேட்டபின் ரிமோட்டை எடுத்துக் கடைசிக் காட்சியை மறுபடி போட்டார்.

பிறகு எல்லோருமாக அதைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். ஸ்போக் வாயே திறக்கக் கூடாது என்றான் பையன். கிர்க் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் அக்கா மகள். அக்கா இரண்டையும் ஏற்கவில்லை. "கடைசி வசனம் அவளுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் கேப்டன் லாக்னு ஆரம்பிக்கிறாருல்ல? எனக்கு நடந்ததையும் அதுல பதிவு பண்ணுங்க, கேப்டன்னு அவ சொல்லணும்."

"அவர் பண்ணுவாரா ஆன்ட்டி?" என்று பையன் கேட்க, அடுத்த சுற்று ஆரம்பமானது. பண்ண மாட்டார், தன் பேரைக் காப்பாற்றிக்கொள்வார் என்கிறாள் அக்கா. பண்ணுவார் என்பது என் கட்சி. மறுபடி ஒன்றாகும் முன் அந்த மூர்க்கப் பாதி சாகப் பயந்து கதறுகிறது. சாதுக் கிர்க் அதைத் தள்ளிவிடாமல் பிடித்துக்கொள்கிறார். தன்னில் பாதி அது என்று ஒப்புக்கொண்டவரால் ராண்டுக்கு நடந்ததை எழுதவும் முடியும்.